பிடிப்புள்ள சக்கரம்

ஏலப்பாறை டவுனிலிருந்து வாகமண் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் எஸ்டேட் பக்கம் வண்டியைத் திருப்பினால், என் ஜீப்பின் பின்பக்கமிருந்து ஒரு சத்தம் எழும். டக்... டக்... டக். சைக்கிளை மிதிக்காமல் உருளவிட்டால் பின்சக்கரத்தில் கேட்குமே, அந்த மாதிரி. கனம் மட்டும் கூடுதல். புதிதாக ஏறுகிறவர்கள் பதறிப்போய், "அண்ணே, பின்னால ஏதோ உடைஞ்சிருக்கு" என்பார்கள். என் அம்மா பதறமாட்டாள். "வண்டி எண்ணிக்கிட்டே வருதுய்யா" என்பாள். முப்பத்தைந்து வருடம் கொழுந்து நிறுவையில் நின்று, எண்ணிக்கை கேட்டுப் பழகிய காது அது.

அது இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டுகிற லாக்கின் சத்தம். 2019இல் பின் ஆக்சிலுக்குள் போட்டேன். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்ததல்ல, வெளியே வாங்கிப் பொருத்தியது. அதோடு இத்தனை வருடம் ஓட்டியதில் ஒரு பழைய கேள்வி என்னிடம் திரும்பத் திரும்ப வந்தது. சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டு, பதில் கிடைக்காமல் விட்ட கேள்வி. கடவுள் எல்லாரையும் சமமாக நடத்துகிறார் என்கிறோமே, சமம் என்று எதைச் சொல்கிறோம்? எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பதையா, எல்லாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதையா?

முதலில் 2018 ஆகஸ்ட் மழையைச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு செறுதோணி அணையின் ஷட்டரைத் தூக்கிய மாதம் அது. பீர்மேடு மலையில் எங்கே பார்த்தாலும் மண் சரிந்து கிடந்தது. ஒரு ராத்திரி, மேல் லயத்திலிருந்து, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். என்னிடம் இருந்தது பழைய மகேந்திரா ஜீப். ஃபோர் வீல் போட்டு, லோ கியரில் ஏறினேன். லயத்துக்கு இருநூறு அடி இருக்கும்போது, தண்ணீர் ரோட்டைக் குறுக்காக அறுத்துப் போட்டிருந்த ஓடையில் வண்டி கோணலாக இறங்கியது. முன்னால் இடது சக்கரம் காற்றில் தொங்குகிறது. பின்னால் வலது சக்கரம் சேற்றில். மற்ற இரண்டும் நல்ல பாறைமேல் உட்கார்ந்திருக்கின்றன. மிதிக்கிறேன். தொங்குகிற சக்கரம் சுற்றுகிறது, சேற்றுச் சக்கரம் சுற்றுகிறது, பாறைமேல் இருக்கிற இரண்டும் அசையவே இல்லை. ஃபோர் வீல் என்று பேர். வேலைக்கு ஆகாத இரண்டு வீல்தான் அன்றைக்கு ஓடின.

பெரியவரைக் கம்பளியில் தொட்டில் கட்டி நாலு பேர் கீழே தூக்கிவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் பாறைமேல் நின்றுகொண்டு ஒன்றும் செய்யாத அந்த இரண்டு சக்கரங்கள் என் மனதை விட்டுப் போகவில்லை. பலமான தரையில் நிற்கிறவனால் ஏன் உதவ முடியவில்லை?

அதற்கான பதிலை அடுத்த வருடம் ஒரு பட்டறைத் தரையில் பார்த்தேன். பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரில் போட்டு நிறுத்தியிருந்தார் மேஸ்திரி. "இந்த வீலை முன்னால சுத்துங்க" என்றார். நான் வலது சக்கரத்தை முன்னால் சுற்றினேன். இடது சக்கரம் தானாகப் பின்னால் சுற்றியது. அப்புறம் டிஃப்ரென்சியலின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினார். கிரௌன் வீல், அதன் நடுவே கூடு, கூட்டுக்குள் குறுக்குத்தண்டில் கோத்த இரண்டு சின்னப் பல்சக்கரங்கள். ஸ்பைடர் கியர் என்பார்கள். ஒவ்வொரு சின்னச் சக்கரத்துக்கும் இந்தப் பக்கம் ஒரு ஆக்சிலின் கியர், அந்தப் பக்கம் இன்னொரு ஆக்சிலின் கியர். விரலால் தள்ளிப் பார்த்தேன். தராசுக் கோல் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு முளை, இரண்டு பக்கமும் ஒரே நீளக் கை.

தராசுதான் அது. வேலையும் அதே வேலைதான். சாதாரண டிஃப்ரென்சியலில், சேற்றில் சுற்றுகிற சக்கரத்துக்கே எல்லாப் பலமும் போய்விடுகிறது என்று டிரைவர்கள் சொல்வோம். அது தவறு. அது இரண்டு பக்கமும் எப்போதும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கிறது, தராசு இரண்டு தட்டிலும் ஒரே எடையைக் கேட்பது மாதிரி. சேற்றில் கிடக்கிற சக்கரம் எவ்வளவு வாங்கிக்கொள்ள முடியுமோ அவ்வளவுதான் பாறைமேல் இருக்கிற சக்கரத்துக்கும். காற்றில் தொங்குகிற சக்கரத்தால் ஏறக்குறைய ஒன்றுமே வாங்க முடியாது. ஆகையால் மற்றதற்கும் ஒன்றுமில்லை. அந்த ராத்திரி என் வண்டிக்குள் நடந்தது அநியாயமில்லை. கறாரான சமநீதி.

இந்தத் தராசை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் ஏறுகிற ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவை முழுதாகத் திரும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட நாலு மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் கட்டிப்போட்டால் ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். அவரவர் வேகத்தில் போங்கள் என்று இரண்டையும் விட்டுவிடத்தான் 1827இல் பிரான்சில் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி இந்த அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அவரும் ஓடையில் தொங்கும் சக்கரத்தை நினைத்திருக்கமாட்டார்.

லாக் இதை மாற்றிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. மாதிரி காற்றழுத்தத்தில் வேலை செய்வது உண்டு. டாஷ்போர்டில் சுவிட்ச், வேண்டும்போது மட்டும் பூட்டலாம். 2015இல் வந்த தார் ஜீப்பில் மகேந்திராவே கம்பெனியில் ஒன்றைப் பொருத்தி விட்டது. சக்கரம் ஒன்று வெறுமனே சுற்றினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். நான் வாங்கியது அவற்றைவிடச் சின்னது, எளியது. ஸ்பைடர் கியர்களைக் கழற்றிவிட்டு அதே கூட்டுக்குள் வைக்கிற பல்வைத்த இரும்புத் துண்டுகள். சுவிட்ச் கிடையாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வளைவில் வெளிச்சக்கரம் வேகமாக ஓடப் பார்த்தால், பல் பல்லாக நழுவி அதை விட்டுக்கொடுக்கும். டக், டக் சத்தம் அந்தப் பற்கள் நழுவுகிற சத்தம்.

பூட்டிய ஆக்சிலில் கணக்கே வேறு. இரண்டு சக்கரமும் ஒரே வேகம். விசை மட்டும் ஒன்றாக இருக்காது. தரையில் பிடிப்புள்ள சக்கரம் முழுப் பாரத்தையும் ஏற்றுக்கொள்ளும். தொங்குகிற சக்கரம் சும்மா கூடவே சுற்றும். முன்பு பாரம் சமம், வேகம் வேறு. இப்போது வேகம் சமம், பாரம் வேறு. எது நீதி?

இதை எங்கள் வாத்தியாரய்யாவிடம் சொன்னேன். எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளியில் எனக்கு எழுத்து அறிவித்தவர். சைவர், தினம் திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டார். கேட்டுவிட்டு, "நீ முதல்ல சொன்னதுதானப்பா எங்க சித்தாந்தம்" என்றார். சத்திநிபாதம் என்று சைவத்தில் ஒன்று உண்டு. இறைவனின் அருள் உயிர்மேல் பதிவது. அது மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நாலு படியாக இருக்கும். வேறுபாடு அருளில் இல்லை, உயிரின் பக்குவத்தில் இருக்கிறது. ஒரே சூரியன்தான் காய்கிறது. குளத்தில் ஒரு தாமரை இன்றைக்கு மலரும், ஒன்று நாளைக்கு, ஒன்று இன்னும் மொட்டு. "மொட்டைப் பிடிச்சு இழுத்து விரிச்சா அது மலர்ச்சியா? கிழிசல். அவரவர் வேகத்துக்கு விடறதுதான் கருணை" என்றார்.

எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. இன்றும் படுகிறது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன் நான்; ஒருவன் வேகம் இன்னொருவனுக்கு இல்லை என்று தெரியும். ஆனாலும் ஓடையில் தொங்கிய சக்கரத்துக்கு அதில் பதில் இல்லை. பக்குவம் வரட்டும் என்று காத்திருக்க அந்தப் பெரியவருக்கு மூச்சு இல்லை.

என் வேதத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. மத்தேயு சுவிசேஷம் 20ஆம் அதிகாரம். திராட்சைத் தோட்டத்துக்காரர் விடியற்காலையில் போய்க் கூலிக்கு ஆள் பிடிக்கிறார். ஒன்பது மணிக்கும் பிடிக்கிறார், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும், கடைசியில் சாயங்காலம் ஐந்து மணிக்கும். பொழுது சாய்ந்ததும் எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு நாணயம். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் நான் கண்விழித்தேன். எங்களுக்குக் கூலி இரண்டு பாகம். நாள் கூலி ஒன்று; அதற்கு ஒரு அளவு கொழுந்து எடுத்தாக வேண்டும். அளவுக்கு மேலே எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனி. ரொம்ப காலம் அந்த அளவு 21 கிலோ. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்திவிட்டு, பெண்கள் ஒற்றுமை என்று ரோட்டில் உட்கார்ந்தார்களே, அதன் பிறகு நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. எடுக்க வேண்டிய கொழுந்தும் 21இலிருந்து 25 கிலோ ஆனது. கையில் வேகமுள்ள பெண்ணுக்கு இரண்டும் எட்டும். வயதானவளுக்கு?

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் கை வேகமான கை. மதியத்துக்குள் தன் அளவை முடித்துவிடுவாள். அவள் நிரையில் பக்கத்தில் ஒரு பாட்டி எடுப்பாள். கண் மங்கி, விரல் மடங்காதவள். நிறுவைக்குப் போகிற வழியில், சாக்கை இறக்கி முடிச்சை இறுக்குகிற மாதிரி அம்மா குனிவாள். ஒரு கை, இரண்டு கை, மூன்று கை கொழுந்து பாட்டியின் சாக்குக்குள் போகும். ஒரு சொல்லும் இருக்காது. பாட்டியும் பார்க்காத மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னப் பையனாக டீத்தூக்குச் சட்டி கொண்டுபோன நாளில் இதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் வந்து கேட்டபோது, "அவ பேருக்கும் ஒரு நாள் விழணும்ல?" என்றாள். கூலி விழுவதை எங்கள் ஊரில் பேர் விழுவது என்போம். அந்தப் பாட்டியின் பேர் விழுந்துகொண்டே இருந்தது. பிடிப்புள்ள சக்கரம் பாரத்தை ஏற்றுக்கொண்டது.

ஐந்து மணிக்கு வந்தவர்களைப் பற்றியும் எனக்குத் தெரியும். 2000ஆம் ஆண்டை ஒட்டி பீர்மேட்டில் எஸ்டேட்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, கூலியும் கிராஜுவிட்டியும் வராமல், வேறு போக்கிடமும் இல்லாமல், ஆட்கள் ஒழுகுகிற லயத்திலேயே தங்கினார்கள். காலையில் ஏலப்பாறை ஜங்ஷனில் வந்து நிற்பார்கள். ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் வரும். இளம் கை, பலமான கை முதலில் ஏறும். நானும் அப்படி ஏற்றியிருக்கிறேன். பத்து மணிக்குத் திரும்பி வந்தால் கொஞ்சம் பேர் அங்கேயே நிற்பார்கள், சோற்றுப் பாத்திரத்தோடு. சும்மா நிற்கிறார்கள் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். யாரும் கூப்பிடாததால் நிற்கிறார்கள். உவமையில் அந்தக் கடைசி ஆட்கள் சொல்கிற பதிலும் இதுதான். அவர்களுக்கும் ராத்திரி அடுப்பு எரிய வேண்டும். தோட்டத்துக்காரர் அவர்கள் எடுத்த பழத்தை நிறுக்கவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பை நினைத்தார். பாரம் வேறு, போய்ச் சேருகிற இடம் ஒன்று.

லாக் போட்ட புதிதில் இதோடு எனக்குக் கேள்வி முடிந்தது என்றே நினைத்தேன். இறைவன் பூட்டுகிறவர், நாமும் ஒருவரோடொருவர் பூட்டிக்கொள்ள வேண்டியவர்கள் என்று சபையில் சாட்சி சொல்லக்கூட எழுந்து நின்றிருக்கிறேன். அப்புறம் அந்த இரும்பு எனக்கு இரண்டு விஷயத்தைக் காட்டியது.

முதலாவது, ஒடிந்த ஆக்சில். மழை விட்ட ஒரு நாள், எட்டுப் பேரும் இரண்டு சாக்கு அரிசியுமாக அதே லயத்துக்கு ஏறினேன். ஒரு சக்கரம் தொங்க, மற்றதன்மேல் முழுப் பாரம். நான் மிதித்தேன். துப்பாக்கி மாதிரி ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. வெளியே எடுத்த ஆக்சில் தண்டை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன். கனமான உருக்கு. அதன் முனையில் நேராக வெட்டிய பற்கள் இருக்கும். அவை கயிறு திரித்த மாதிரி ஒரு பக்கமாக முறுக்கிக் கிடக்கின்றன. ஒடிந்த முகத்தில் பாதி பழுப்பு, பாதி பளபளப்பு. பழுப்பான பாகம் எப்போதோ விரிசல் விட்டு ஈரம் பட்ட இடம் என்றார் மேஸ்திரி. அன்றைக்கு ஒடியவில்லை. ரொம்ப நாளாக ஒடிந்துகொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை.

அந்தத் தண்டை மடியில் வைத்து அம்மா ரொம்ப நேரம் தடவிப் பார்த்தாள். அவளுடைய முழங்கால் இரண்டும் ஐம்பது வயதிலேயே போய்விட்டன. பிடிப்புள்ளவன் சுமக்கட்டும் என்று சொல்வது நல்ல சொல். சுமக்கிறவனுக்குள் விரிசல் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. காலையிலிருந்து வெயிலில் நின்ற கூலிக்காரர்களின் முறுமுறுப்பை அன்றிலிருந்து நான் குற்றம் சொல்வதில்லை. தோட்டத்துக்காரரும் அவர்களைத் திட்டவில்லை. நண்பனே என்று கூப்பிட்டுத்தான் பதில் சொல்கிறார்.

சுமந்தவர்கள் என்றால் எனக்கு ஒரு இடம் நினைவுக்கு வரும். குட்டிக்கானம் பக்கத்தில் பள்ளிக்குன்றில் ஒரு பழைய ஆலயம் உண்டு, 1869இல் மிஷனரி ஹென்றி பேக்கர் காலத்தில் வந்தது. அதன் கல்லறைத் தோட்டத்தில் மன்றோ துரையின் குதிரையையும் அடக்கம் செய்திருக்கிறார்கள். டௌனி என்று பேர். இந்த மலையில் காப்பி போட்ட முதல் துரைகளில் ஒருவர் மன்றோ. தன்னைச் சுமந்த உயிருக்கு நன்றி காட்டியிருக்கிறார், நல்ல காரியம். அதே காட்டுக்குத் தலைச்சுமையாக அரிசி ஏற்றி, பாதை வெட்டி, காய்ச்சலில் விழுந்த எங்கள் தாத்தாக்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று ஒரு கல்லும் இல்லை. அங்கே போகிற ஒவ்வொரு தடவையும் இது மனதில் வரும்.

இரண்டாவது விஷயம், சரிவு. மலையின் இடுப்பைச் சுற்றிப் போகிற ஒரு எஸ்டேட் பாதை. இடது பக்கம் சாய்ந்திருக்கும், கீழே தேயிலைச் சரிவு. ஈரப் புல். லாக் இருக்கிறதே என்ற தைரியத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன். பின்பக்கம் முழுதாக, ஒரே வீச்சில், கீழ்ப்பக்கம் நழுவியது. ஒரு சில்வர் ஓக் மரத்தில் பின் பம்பர் முட்டி நின்றது. அந்த மரம் இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

காரணத்தை அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது உடம்பு குளிர்ந்துவிட்டது. ஒரு டயருக்கு உள்ள பிடிப்பு ஒன்றுதான். முன்னே தள்ளவும், பக்கவாட்டில் சறுக்காமல் நிற்கவும் அதையேதான் பங்கிட வேண்டும். வெறுமனே சுழலத் தொடங்கிய டயரிடம் பக்கவாட்டுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. பூட்டிய ஆக்சிலில் இரண்டும் சேர்ந்தே சுழலும், ஆகையால் இரண்டும் சேர்ந்தே நழுவும். பழைய டிஃப்ரென்சியலாக இருந்தால் ஒரு சக்கரம் சுழன்றிருக்கும். மற்றது சும்மா நின்றிருக்கும். சும்மா நின்ற அந்தச் சக்கரம் வண்டியை மலையோடு பிடித்து வைத்திருக்கும்.

2018இல் ஒன்றும் செய்யாமல் பாறைமேல் நின்ற சக்கரங்களின்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் இருந்தது. அவை வேறொரு வேலை செய்துகொண்டிருந்தன என்று ஒரு சில்வர் ஓக் மரத்தடியில்தான் புரிந்தது. அம்மா இப்போது எங்கேயும் வேலைக்குப் போவதில்லை. சன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் லயத்திலிருந்து திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போன பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கிறாள். வீட்டில் ஒருத்தர் அசையாமல் இருப்பதால்தான் மற்றவர்கள் ஓடியும் விழாமல் இருக்கிறோம் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் சபை அச்சனிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் கலாத்தியர் நிருபம் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்தார். இரண்டாம் வசனத்தில், ஒருவர் பாரத்தை மற்றவர் தூக்க வேண்டும் என்கிறார் பவுல். மூன்றே வசனம் தள்ளி, ஐந்தாம் வசனத்தில், அவரவர் பாரம் அவரவருக்கே என்கிறார். சின்ன வயதிலிருந்து படித்தும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதை நான் கவனித்ததில்லை. நம் பழைய தமிழ் வேதத்தில் இரண்டு இடத்திலும் பாரம் என்ற ஒரே சொல்தான். கிரேக்க மூலத்தில் இரண்டு சொல் என்று அச்சன் விளக்கினார். முதலாவது பாரோஸ், ஆளை அமுக்கிவிடுகிற கனம். இரண்டாவது ஃபோர்ட்டியோன், வழிப்போக்கன் தோளில் மாட்டிக்கொள்கிற தன் மூட்டை. அமுக்குகிற கனத்துக்குக் கை கொடு. உன் மூட்டையை நீயே எடு, அடுத்தவன் மூட்டையைப் பிடுங்காதே.

இந்த இரண்டு சொல்லும் என் வண்டியின் இரண்டு ஆக்சில். பின்னால் பூட்டு, முன்னால் தராசு. ஓடையில் ஒருவன் தொங்கும்போது அவனோடு என்னைப் பூட்டிக்கொள்ள வேண்டும். வளைவில் அவனவன் வேகத்துக்கு விட வேண்டும். மொட்டை இழுத்து விரிக்காதே என்று வாத்தியாரய்யா சொன்னது வளைவுக்கு. அம்மா அள்ளிப்போட்ட மூன்று கைக் கொழுந்து ஓடைக்கு. இறைவனின் சமம் இந்த இரண்டுமாக இருக்கிறது என்பது என் தீர்மானம். எந்த உயிர் ஓடையில் நிற்கிறது, எந்த உயிர் வளைவில் நிற்கிறது என்று பிழையில்லாமல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதும்.

மனிதனுக்கு அது பிழையில்லாமல் தெரியாது. என் லாக்குக்கும் தெரியாது. அதற்குத் தெரிந்தது என் கால் மட்டும்தான். நான் மிதித்துக்கொண்டே திரும்பினால் வளைவிலும் பிடிவாதமாகப் பிடிக்கும், ஈர ரோட்டில் வால் வீசும், டயர் தேயும். காலை லேசாக எடுத்தால் அந்த நொடியே விட்டுக்கொடுக்கும். ஆகையால் வளைவு வருவதற்கு முன்பே காலை எடுக்கப் பழகினேன். சரிவில் முதல் கியரில் மிதிக்காமல் ஊர்ந்து போகப் பழகினேன். லயத்துக்கு ஏறும்போது ஐந்து பேருக்கு மேல் ஏற்றுவதில்லை; மீதிப் பேருக்கு இரண்டாவது தடவை வருகிறேன். வருடத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் ஆக்சில் தண்டுகளை வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, பற்களின்மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். சுமக்கிறவர்களிடம் வலிக்கிறதா என்று கேட்கிறேன். முன்பு கேட்டதில்லை.

நீங்கள் ஏலப்பாறைப் பக்கம் வந்து, மழையில், ஒரு பழைய நீல ஜீப் டக் டக் என்ற சத்தத்தோடு எஸ்டேட் ரோட்டில் மெதுவாகத் திரும்புவதைப் பார்த்தால், பழுது என்று நினைத்துக் கை காட்டி நிறுத்த வேண்டாம். மேல் லயத்துக்குப் போக வேண்டியிருந்தால் கை காட்டுங்கள். இந்தத் தடவை இடம் இல்லையென்றால் அரைமணி நேரத்தில் திரும்பி வருவேன், அங்கேயே நில்லுங்கள்.